டிகிரி கேட்பது பள்ளியா, விசாவா?

"டிகிரி தேவையில்லை. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும். வெளிநாட்டில் ஆசிரியர் வேலை, டாலரில் சம்பளம்." இன்டர்நெட்டில் வேலை தேடும் யார் கண்ணிலும் இந்த வகை விளம்பரம் படாமல் இருக்காது. தெரியாமல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டால் போதும். பிறகு நீங்கள் சமையல் வீடியோ பார்த்தாலும், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் அதே விளம்பரம் பக்கத்தில் வந்து நிற்கும்.

பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரியைப் பாதியில் விட்டவர்கள், கால் சென்டரில் இரவு ஷிப்ட் பார்த்து ஆங்கிலத்தில் நல்ல பழக்கம் பெற்றவர்கள் என்று நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களில் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இது உண்மையா? பணம் கட்டலாமா?"

என் பதில் இது. விளம்பரம் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை அது சொல்வதே இல்லை. சொல்லாத அந்தப் பாதியில்தான் உங்கள் பணமும் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன.

இரண்டு கேள்விகள், இரண்டு இடங்கள்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க நினைப்பவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். ஒன்று, எனக்குக் கற்பிக்கத் தெரியுமா? இதற்குப் பதில் சொல்வது பள்ளி. இரண்டு, அந்த நாட்டில் சம்பளம் வாங்கி வேலை பார்க்க எனக்கு அனுமதி உண்டா? இதற்குப் பதில் சொல்வது அந்த நாட்டின் குடியேற்றத் துறை. விளம்பரங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் தந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

தென் கொரியாவை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கு ஆங்கில ஆசிரியர்களுக்கு வழங்கப்படுவது இ-2 என்ற விசா. இதற்கு இளநிலைப் பட்டம் கட்டாயம். அத்துடன் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளில் ஒன்றின் குடிமகனாகவும் இருக்க வேண்டும். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரிய பொருளாதார ஒப்பந்தம் இந்தியர்களுக்கு உதவி ஆசிரியர் என்ற சிறு வாசலைத் திறந்தது. ஆனால் அதற்கும் டிகிரியோடு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும்.

சீனாவில் மொழி ஆசிரியருக்கு வேலை அனுமதி பெற, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவராக இருப்பதோடு இளநிலைப் பட்டமும் வேண்டும் என்பதே பொது விதி. ஜப்பான் அரசு 1987-லிருந்து நடத்தி வரும் ஜெட் திட்டத்திலும் டிகிரி இல்லாதவருக்கு இடமில்லை. ஜப்பானில் பொதுவாக வேலை விசாவுக்கே டிகிரி கேட்கிறார்கள்.

கவனியுங்கள். இங்கெல்லாம் கேட்பது ஏதோ ஒரு டிகிரி. பெரும்பாலும் எந்தப் பாடம் என்று கூடப் பார்ப்பதில்லை. விலங்கியல் படித்தவர் ஆங்கிலம் கற்பிக்கலாம். ஐந்து வருடம் டியூஷன் எடுத்த பிளஸ் டூக்காரர் கற்பிக்கக் கூடாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நியாயமில்லாத விதியும் விதிதான். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் அதிகாரியிடம் உங்கள் டியூஷன் மாணவர்களின் மார்க் ஷீட்டைக் காட்டி வாதாட முடியாது.

யாருக்காக எழுதப்பட்ட பக்கம்?

"டிகிரி இல்லாமல் ஆங்கிலம் கற்பிக்க ஏற்ற நாடுகள்" என்று கூகுளில் தேடினால் பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வந்து விழுகின்றன. அவற்றில் எழுதியிருப்பது பொய் அல்ல. ஆனால் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்கும், பிரிட்டிஷ்காரர்களுக்கும், ஆஸ்திரேலியர்களுக்கும் எழுதப்பட்டவை.

ஓர் எடுத்துக்காட்டு. டிகிரி இல்லாத ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் ஒர்க்கிங் ஹாலிடே என்ற விசாவில் ஜப்பான் சென்று, அங்கு தங்கியிருக்கும் காலத்தில் ஆங்கிலம் கற்பித்துச் சம்பாதிக்க முடியும். அந்த விசாவுக்கு டிகிரி தேவையில்லை. ஆனால் அது ஜப்பானோடு அதற்கான ஏற்பாடு செய்துகொண்ட நாடுகளுக்கு மட்டுமே. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. கட்டுரையில் "நீங்கள் போகலாம்" என்று இருக்கும். அந்த "நீங்கள்" சிட்னியில் இருப்பவர். மதுரையில் உட்கார்ந்து படிக்கும் நாம் அது நம்மைத்தான் சொல்கிறது என்று எடுத்துக் கொள்கிறோம்.

எனவே இந்த வகைக் கட்டுரை எதைப் படித்தாலும், இது எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குச் சொல்லப்படுகிறது என்று முதலில் பாருங்கள். தேடும்போதே "இந்தியக் குடிமக்களுக்கு" என்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். பத்து வாசல்களில் எட்டு அங்கேயே மூடிவிடும். வருத்தம்தான். ஆனால் பணம் கட்டிய பிறகு மூடுவதைவிட இது நல்லது.

120 மணி நேரச் சான்றிதழ்

டிகிரிக்குப் பதிலாக இதை வாங்கிக் கொள்ளுங்கள் என்று விற்கப்படுவது டெஃபல் சான்றிதழ். ஆங்கிலத்தைப் பிற மொழிக்காரர்களுக்குக் கற்பிப்பதற்கான பயிற்சி இது. விளம்பரங்களில் "120 மணி நேரம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். இந்த 120 எங்கிருந்து வந்தது?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு நடத்தும் செல்டா என்ற பயிற்சி இத்துறையில் பெயர் பெற்றது. குறைந்தது 120 மணி நேரம் கொண்டது. அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்து மதிப்பெண் போடுவார். இதில் சேர டிகிரி கட்டாயமில்லை. கல்லூரியில் சேரும் அளவுக்குப் பள்ளிப் படிப்பும் நல்ல ஆங்கிலமும் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வும் உண்டு. 2020-லிருந்து முழுவதும் ஆன்லைனிலேயே படிக்கும் வசதியும் வந்துவிட்டது. கட்டணம் அதிகம்தான்.

இன்னொரு பக்கம், குடும்பத்தோடு ஒருமுறை ஹோட்டலில் சாப்பிடும் செலவில் "120 மணி நேர" சான்றிதழ்கள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. வீடியோ பார்த்து, கேள்விகளுக்கு டிக் அடித்தால் பிடிஎப் பைலாகச் சான்றிதழ் வந்துவிடும். ஒரு மாணவரைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டிலும் 120 உண்டு. ஒன்றில்தான் வகுப்பறை உண்டு. டெஃபல் சான்றிதழ்களுக்கெல்லாம் அங்கீகாரம் தரும் உலக அமைப்பு என்று ஒன்று கிடையாது. "சர்வதேச அங்கீகாரம்" என்ற முத்திரையைப் பார்த்தால், அங்கீகாரம் தந்தது யார், அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது யார் என்று கேளுங்கள்.

நண்பர் ஒருவரின் மகன், ஒரு பயிற்சி நிறுவனம் தந்த "வேலை உத்தரவாத" பைலைக் கொண்டு வந்து காட்டினான். நாற்பது பக்கம். திறந்து பார்த்தால் பல நாட்டுப் பள்ளிகளின் தள முகவரிகளும் மின்னஞ்சல் முகவரிகளும். அரை மணி நேரம் கூகுளில் தேடினால் கிடைப்பவை. அந்தப் பள்ளிகளில் ஒன்றுகூட அவன் பெயரைக் கேள்விப்பட்டிருக்காது.

நல்ல பயிற்சி உங்களை நல்ல ஆசிரியராக்கும். அதற்காகச் செலவு செய்வதில் தவறில்லை. ஆனால் டிகிரி கட்டாயம் என்று விதி உள்ள நாட்டில், எந்தப் பயிற்சிச் சான்றிதழும் விசா வாங்கித் தராது.

கம்போடியா என்ற வாசல்

டிகிரி இல்லாமல் போகக்கூடிய நாடு என்று பட்டியல்களில் முதலில் வருவது கம்போடியா. புனோம் பென், சியம் ரீப் நகரங்களில் டிகிரி கேட்காமல் ஆள் எடுக்கும் ஆங்கில மையங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கும் சட்டம் இருக்கிறது. வேலை பார்ப்பவருக்கு இ வகை விசாவும், தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அனுமதிப் புத்தகமும் தேவை. அமைச்சகத்தின் ஆன்லைன் அமைப்பு வழியாக இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. கம்போடியாவிலிருந்து ஏறத்தாழ 250 இந்தியர்கள் மீட்கப்பட்டதாக 2024 மார்ச் இறுதியில் நமது வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது.

அவர்களை ஏமாற்றியது ஆசிரியர் வேலை விளம்பரம் என்று நான் சொல்லவில்லை. டேட்டா என்ட்ரி என்றும், ஐ.டி. வேலை என்றும் சொல்லித்தான் பலரை அழைத்தார்கள். ஆனால் அங்கு தேவைப்பட்டது யார்? ஆங்கிலம் தெரிந்த, கம்ப்யூட்டர் தெரிந்த, வெளிநாடு போகத் துடிக்கும் இளைஞர்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே இளைஞர்கள்தான்.

டிகிரி விற்கும் தளங்கள்

விசா டிகிரி கேட்கிறது என்றவுடன் சிலருக்குக் குறுக்கு வழி தோன்றும். இன்டர்நெட்டில் டிகிரியே விற்கிறார்களே! 2015 மே மாதம், கராச்சியைச் சேர்ந்த ஆக்ஸாக்ட் என்ற சாப்ட்வேர் நிறுவனம் குறைந்தது 370 தளங்கள் வழியாகப் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை விற்று வந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அந்தத் தளங்களில் கட்டடங்கள், சிரிக்கும் மாணவர்கள், பேராசிரியர்கள் எல்லாம் இருந்தனர். பல்கலைக்கழகம் மட்டும் இல்லை.

போட்டோஷாப்பில் சான்றிதழ் தயாரிப்பதும் இதே கதைதான். கொரியா போன்ற நாடுகள் டிகிரிக்கு அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை கேட்கின்றன. இந்தியாவில் அதைத் தருவது வெளியுறவு அமைச்சகம். அதற்கு முன் சான்றிதழ் உண்மைதானா என்று சரி பார்க்கிறார்கள். அங்கு மாட்டினால் போவது வேலை மட்டுமல்ல. வழக்கு உங்கள் பெயரில் வரும். விற்ற தளத்தின் மீது அல்ல.

டிகிரிதான் தடை என்றால் அதைப் படித்தே வாங்க முடியும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லிருந்தும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்தும் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடத்தில் முடிக்கலாம். சேரும் முன், நீங்கள் போக நினைக்கும் நாடு தொலைநிலைப் பட்டத்தை விசாவுக்கு ஏற்கிறதா என்று அதன் தூதரகத்திற்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரே வகுப்பறை

அந்த மூன்று வருடமும் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். விசா தேவைப்படாத வெளிநாட்டு வேலை உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது.

டோக்கியோவில் 2007-ல் தொடங்கப்பட்ட ரேர்ஜாப் என்ற நிறுவனம், ஜப்பானியர்களுக்கு இன்டர்நெட் வழியாக ஆங்கிலம் பேசப் பயிற்சி தருகிறது. கற்றுத் தருபவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள். ஜப்பான் விசா வாங்காமலேயே, தங்கள் வீட்டிலிருந்தபடி ஜப்பானிய மாணவர்களைச் சென்றடைந்துவிட்டார்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் தாய்மொழி அல்ல.

நமக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' போன்ற சொற்கள் இரண்டு மொழியிலும் கிடையாது. ஜப்பானிய மாணவர் 'தி' போட ஏன் மறக்கிறார் என்பது லண்டன்காரருக்குப் புரியாது. நமக்குப் புரியும். நாமும் அங்கேதானே தடுக்கி விழுந்தோம்! தாய்மொழிக்காரர்தான் நல்ல ஆசிரியர் என்ற எண்ணத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

பிரெப்ளி, ஐடாக்கி போன்ற தளங்களில் தனி ஆசிரியராகப் பதிவு செய்யலாம். பிரெப்ளியில் டிகிரி கட்டாயமில்லை. ஐடாக்கியில் சான்றிதழ் இல்லாதவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆனால் இங்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பிரெப்ளி ஒவ்வொரு மாணவரின் முதல் சோதனை வகுப்புக் கட்டணத்தை முழுவதும் தானே எடுத்துக் கொள்கிறது. பிறகு நீங்கள் எடுத்த மணி நேரத்தைப் பொறுத்து 33 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் வரை கமிஷன் பிடிக்கிறது. முதல் சில மாதங்களில் கைக்கு வரும் தொகை சிறியதாகத்தான் இருக்கும். வருவதை வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

இது நிரந்தரம் என்றும் நம்பிவிட வேண்டாம். விப்கிட் என்ற சீன நிறுவனம் வட அமெரிக்க ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் வைத்துச் சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் கற்பித்தது. 2021 ஜூலையில் சீன அரசு, நாட்டிற்கு வெளியே இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு பள்ளிக் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தத் தடை விதித்தது. ஒரே உத்தரவில் அத்தனை பேரின் வருமானமும் போனது. இப்போது பேச்சுப் பயிற்சிக்கு ஏ.ஐ. செயலிகளும் வந்துவிட்டன. எனவே ஒரே தளத்தை நம்பாமல், உள்ளூர் டியூஷனையும் விடாமல், எடுத்த வகுப்புகளின் கணக்கையும் மாணவர்களின் கருத்துகளையும் சேர்த்து வையுங்கள். பின்னால் டிகிரி கையில் வரும்போது அந்த அனுபவம்தான் உங்களை மற்றவர்களிடமிருந்து தனித்துக் காட்டும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. மைக் உள்ள நல்ல ஹெட்செட், முகத்தில் வெளிச்சம் விழும் இடம், ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். போதும். வகுப்பு நடுவில் கரண்ட் போனால் மாணவர் காத்திருக்க மாட்டார்.

பணம் கட்டும் முன்

வெளிநாட்டு வாய்ப்பு ஏதேனும் வந்தால், யாருக்கும் பணம் அனுப்பும் முன் இவற்றைச் செய்திடுங்கள்.

1. விசா விதியை அந்த நாட்டு அரசு தளத்தில் மட்டும் படியுங்கள். ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படம் ஆதாரம் ஆகாது.

2. பள்ளியின் தளம் எப்போது பதிவு செய்யப்பட்டது என்று ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கத்தில் பாருங்கள். "20 ஆண்டுப் பாரம்பரியம்" உள்ள பள்ளியின் தளம் சென்ற மாதம் பதிவாகியிருந்தால் உஷாராகுங்கள்.

3. தளத்தில் உள்ள வகுப்பறைப் படங்களை கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே படம் வேறு நாட்டுப் பள்ளியின் பெயரிலும் வருகிறதா?

4. பணி ஆணை பிடிஎப் பைலாக வந்தால், அக்ரோபட் ரீடரில் திறந்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். பைல் உருவான தேதியும், சில நேரங்களில் உருவாக்கியவர் பெயரும் தெரியும். இதை மாற்ற முடியும் என்றாலும், பல மோசடிக்காரர்கள் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை.

5. ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் கேட்டால் கேட்பவர் யாரென்று புரிந்துகொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இந்த ஐந்திற்கும் ஒரு மாலை நேரம் போதும். பைசா செலவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டிகிரி இல்லாத பிள்ளை "வெளிநாட்டில் ஆசிரியர் வேலை" என்று வந்து சொன்னால் உடனே சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். உடனே நகையை அடகு வைக்கவும் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த விசா? அந்த விசாவுக்கு இந்தியர்களிடம் என்ன கேட்கிறார்கள்? அரசு தளத்தில் காட்டு" என்று கேளுங்கள். காட்ட முடிந்தால் மேற்கொண்டு பேசலாம். காட்ட முடியாவிட்டால், அந்தப் பணத்தை ஒரு நல்ல ஹெட்செட்டிற்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் வருடக் கட்டணத்திற்கும் கொடுங்கள். பிள்ளையின் ஆங்கிலம் எங்கும் போய்விடாது.